ஆசிரியர் காலனியின் நூறு சதவீதத் தேர்ச்சி

ஜூன் 3, திங்கள்

ஆசிரியர் காலனி நலச்சங்கத்தின் பொதுக்குழு இன்று காலை கூடி, இனிமேல் கூட்டங்களில் கிரீம் வைத்த பிஸ்கட் பரிமாறுவதில்லை என்று தீர்மானித்தது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து இதற்கு ஈடான தீர்மானம் எதுவும் நிறைவேறியதாக எனக்கு நினைவில்லை. விவாதம் கடுமையாக இருந்தது. ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் எபனேசர், கிரீமைச் சுரண்டி எடுத்துவிட்டால் மீதி வெறும் பிஸ்கட்தானே என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சுரண்டிய கிரீம் எங்கே போகும் என்று நான் கேட்டேன். திருத்தம் தோற்றது. கையிருப்பில் உள்ள பாக்கெட்டுகளை இன்றே தீர்த்துவிடுவது என்ற துணைத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறி, அங்கேயே அமலுக்கும் வந்தது.

இவ்வளவுக்கும் காரணம், எங்கள் வாசகசாலை அறையில் இன்று திறக்கப்பட்ட 'சர்க்கரை நோய்க் கல்வி, ஆதரவு, ஆய்வு நிலையம்'. பலகையில் எழுத்துப்பிழை இல்லை, சரிபார்த்துவிட்டேன். காலனி முழுக்க ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். வீட்டுக்கு ஒருவருக்காவது சர்க்கரை உண்டு. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும்.

மதுரையில் உள்ள ஓர் அறக்கட்டளையின் முயற்சி இது. ஆய்வுத் தலைவர் டாக்டர் மீனலோசனி வந்து பேசினார். நசீமா என்ற நர்ஸ் திங்களும் வியாழனும் இங்கே இருப்பார். மற்ற நாட்களில் நடுச்செவலில். அது தீப்பெட்டி ஆபீஸ் என்கிற தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்களின் ஊர். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். "செப்டம்பர் வரைக்கும் ரெண்டு இடத்துலயும் பாப்போம். அப்புறம் ரத்தத்தப் பாத்துட்டு ஒரு இடத்துல நிரந்தரமா வைப்போம்" என்றார் டாக்டர். நீண்ட உரையில் முக்கியமான வாக்கியம் இது ஒன்றுதான்.

நான் இருபத்திரண்டு வருஷம் தலைமையாசிரியராக இருந்தவன். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்றால் எதை வைத்துக்கொள்வார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேர்ச்சி விகிதம்.

மிக்சியை ரிப்பேருக்குக் கொடுத்தேன்.

ஜூன் 6, வியாழன்

காலையில் அடுப்படியிலிருந்து முன்னறை வரை தரையில் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. குங்குமம் சிந்திவிட்டது என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே போனேன். அது என் மனைவி குருவம்மாளின் காலில் போய் முடிந்தது. வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, தையல் ஊசி. பாதி ஒடிந்து உள்ளே இருந்தது.

"செவ்வாக்கிழம ஒரு ஊசியக் காணும்னு தேடுனேன் சார்" என்றாள்.

அவள் தையல் ஆசிரியை. ஒரே பள்ளியில் வேலை பார்த்ததால் அவளுக்கு நான் சார், எனக்கு அவள் டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் மாற்றிக்கொள்ள வரவில்லை. ஊசி ஏறியபோதும் வலிக்கவில்லை, இரண்டு நாள் அதன்மேல் நடந்தபோதும் வலிக்கவில்லை என்றாள். ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல் சொன்னாள்.

நசீமா ஊசியை எடுத்துக் கட்டுப்போட்டார். கடையநல்லூர்ப் பெண், முப்பது வயது இருக்கும். பேசும்போது குருவம்மாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"டீச்சருக்குக் காலுல உணர்ச்சியே இல்ல சார். இது ஆறணும்னா சுகர் எறங்கணும். வாரத்துக்கு ரெண்டு தடவ நான் கட்டு மாத்தணும். அவங்க நடக்கவே கூடாது. இதுல ஒண்ணு தவறுனாலும் பாதம் நிக்காது."

பெரியாஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டேன். அங்கே டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் கூட்டமாகச் சுற்றி நின்று காலைப் பார்ப்பார்கள், அதற்கு வர முடியாது என்று குருவம்மாள் சொல்லிவிட்டாள். ஆகவே நசீமாதான். நசீமா இருக்க வேண்டுமென்றால் நிலையம் இருக்க வேண்டும். நலச்சங்கத்தின் செயலாளர் நான்.

ஜூன் 13, வியாழன்

நசீமாவின் முதல் வகுப்பு. ஆசிரியர்களைப் போல மோசமான மாணவர்களை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. எல்லோரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். கரும்பலகையில் அவர் ஒரு தட்டு வரைந்து, பாதிக்குக் காய்கறி, கால் பாகம் சோறு, கால் பாகம் பருப்பு என்று பிரித்துக் காட்டினார். வட்டம் கோணலாக இருப்பதாக எபனேசர் எழுந்து நின்று தெரிவித்தார். இதிலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்குக் கேட்பீர்கள் என்றார் இன்னொருவர்.

பிறகு வெறும் வயிற்று ரத்தம். விரல் நுனியில் ஒரு குத்து. எனக்கு 198, எபனேசருக்கு 260, குருவம்மாளுக்கு 311. காலனியின் நிலை கவலைக்குரியது. மாலையில் தரவரிசை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். நசீமா அதைக் கிழிக்கச் சொன்னார். தரவரிசை இல்லாமல் ஒரு மனிதன் எப்படி முன்னேறுவான் என்று கேட்டேன். பட்டியலை வீட்டுக்குள் ஒட்டிக்கொண்டேன்.

ஜூன் 20, வியாழன்

மழை வருவதுபோல் இருந்தது. வரவில்லை. மிக்சி சரியாகவில்லை.

ஜூன் 27, வியாழன்

முன்னேற்றம். காலனியின் சராசரி 128.

இதன் பின்னால் திட்டமிட்ட உழைப்பு இருக்கிறது. செவ்வாய்க்கிழமையே படிப்பு விடுமுறை விட்டுவிடுகிறோம். செவ்வாய் மதியத்திலிருந்து சோறு கிடையாது. புதன்கிழமை மோரும் வெள்ளரிக்காயும். இரவில் அதுவும் இல்லை. வியாழன் காலை விரலை நீட்டும்போது அவரவர் முகத்தில் ஒரு தெளிவு தெரிகிறது. ரத்தம் கொடுத்த கையோடு எல்லோரும் பஸ் நிறுத்தத்துப் பஜ்ஜிக் கடைக்குப் போய்விடுகிறார்கள். வியாழக்கிழமைகளில் அங்கே உட்கார இடம் கிடைப்பதில்லை. நசீமாவுக்கு மகிழ்ச்சி. வகுப்பு நன்றாகப் போகிறது என்று நினைக்கிறார். எந்த ஆசிரியரும் அப்படி நினைப்பதில் தவறில்லை.

குருவம்மாள் மட்டும் இதில் சேரவில்லை. கோணல் வட்டத்தை அப்படியே தட்டில் போட்டு, ஏழு நாளும் ஒரே மாதிரி சாப்பிடுகிறாள். எண் மெதுவாகத்தான் இறங்குகிறது: 311, 290, 254. காலனியின் சராசரியைப் பாதிக்கிறாய் என்று சொன்னேன்.

"பரீட்சை எழுதுறது என் காலு. நான் இல்ல" என்றாள்.

புண் எட்டணா அளவிலிருந்து நாலணா அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. நசீமா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஓரங்களில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். நான் பார்த்தேன். பிறகு கொஞ்ச நேரம் வெளியே போய் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 11, வியாழன்

எபனேசர் இன்று முதலிடம் பெறுவதற்காக மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வரிசையில் நிற்கும்போதே வேர்த்தது. பிறகு வரிசையை விட்டு விலகி வேப்பமரத்தின் முன்னால் போய் நின்று, ஒளிச்சேர்க்கை பற்றி வகுப்பெடுக்கத் தொடங்கினார். நல்ல வகுப்பு; கோர்வையாகத்தான் இருந்தது. மரத்தைக் கேள்வி கேட்டார். பதில் வராததால் கோபப்பட்டு, அப்படியே விழுந்தார்.

நசீமா ஓடிவந்து அவருடைய விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, கடைவாயில் சர்க்கரையைத் தேய்த்தார். எண் 38. காலனியில் இதுவரை பதிவானதிலேயே குறைந்த அளவு. கீழே கிடந்தவரை இரண்டு பேர் பொறாமையோடு பார்த்ததை நானே கண்டேன்.

நசீமா எங்களைப் பார்த்து இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"இது பரீட்சை இல்ல சார். இன்னொரு மாத்திர உள்ள போயிருந்தா இவுக இப்ப இல்ல. யாருக்காகப் பண்ணுதீங்க இதெல்லாம்?"

என்னிடம் பதில் இருந்தது. அது உள்ளறையில் காலை நீட்டி உட்கார்ந்து, நசீமாவின் மகளுக்குக் கவுன் தைத்துக்கொண்டிருந்தது.

ஜூலை 18, வியாழன்

புதிய நெருக்கடி. அடுத்த மாதம் வீட்டுக்கு வீடு அட்டை கொடுப்பார்களாம். ஒரு துளி ரத்தத்தை வைத்துக் காயவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடந்த மூன்று மாதமும் உடம்பில் சர்க்கரை எப்படி இருந்தது என்று அந்தத் துளி சொல்லிவிடுமாம். ஆறுக்குக் கீழே என்றால் சர்க்கரை இல்லாதவர்கள். ஏழுக்குள் இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு நல்லது. ஒன்பதைத் தாண்டினால் ஆபத்து.

"இதுக்கு மொத நாள் படிச்சிட்டு வர முடியாது" என்றார் நசீமா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

விஷயம் புரிந்தது. இது பரீட்சை அல்ல, வருகைப் பதிவு. கல்வித் துறைக்குத் தோன்றாதது மருத்துவத் துறைக்குத் தோன்றியிருக்கிறது. எபனேசர் கணக்குப் போட்டுப் பார்த்து, நம் காலனி பத்தைத் தாண்டும் என்றார். வியாழக்கிழமைப் பஜ்ஜி முழுக்க அந்தத் துளியில் இருக்கும்.

ஜூலை 29, திங்கள்

புண் இப்போது பாசிப்பயறு அளவு. இன்னும் ஒரு மாதம், அதிகம் போனால் ஒன்றரை மாதம் என்கிறார் நசீமா. கவுன் அவர் மகளுக்குச் சரியாக இருந்ததாம். வீட்டில் சம்பாதிக்கிறவர் தான் ஒருத்திதான், அம்மாவும் மகளும் தன்னை நம்பித்தான் இருக்கிறார்கள் என்று குருவம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

குருவம்மாளுக்கு 171.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். மிட்டாய் கிடையாது, ஆளுக்கொரு நெல்லிக்காய்.

நடுச்செவல்காரர்கள் விடியற்காலையில் கண்மாய்க் கரை முழுக்க நடக்கிறார்கள் என்று மினிபஸ் கண்டக்டர் சொன்னதாக ஒரு தகவல். நாள் முழுக்கக் குனிந்து தீக்குச்சி அடுக்கிவிட்டு நடை வேறு நடக்கிறார்கள் என்றால், நாம் தோற்றோம். கொடிக்கம்பத்தின் கீழே எபனேசர் என் பக்கத்தில் வந்து நின்றார். தேசிய கீதம் முடியும்வரை காத்திருந்தார்.

"எச்.எம். சார், நம்ம ஸ்கூலு இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளக் கொண்டாந்து பெஞ்சுல உக்கார வைப்பமே. இப்ப ஒரு சொட்டு ரத்தந்தான. அதுக்கு ஆள் வராதா?"

அது தவறு என்று திட்டவட்டமாகச் சொன்னேன். பிறகு எத்தனை பேர் கிடைப்பார்கள் என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அட்டைகளை நசீமா வியாழனன்றே கொடுத்துவிட்டார். ரத்தம் தன் கண்முன் வைக்கப்பட்டது என்று ஒவ்வொரு அட்டையிலும் அவர் கையெழுத்திட வேண்டும். "வாத்தியாருங்க வீட்டுல நான் காவல் நிக்கவா?" என்று முன்கூட்டியே எல்லாவற்றிலும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

காலையில் எங்கள் பழைய மாணவர்கள் வந்தார்கள். தேர்வு செய்ததில் கவனம் இருந்தது: ஒல்லியான உடம்பு, தாய் தகப்பனுக்குச் சர்க்கரை இருக்கக் கூடாது. லோடுமேன்கள், கொத்தனார், முடிதிருத்துகிறவர், மில் வேலைக்காரர்கள். நாற்பது வயது ஆட்கள் என் வீட்டு வாசலில் கைகட்டி வரிசையாக நின்றார்கள். விரலை நீட்டச் சொன்னேன்; நீட்டினார்கள். எதற்கு என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை. நாங்கள் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் இந்த ஒன்றுதான் இத்தனை வருஷம் நின்றிருக்கிறது.

மதியம் அட்டைகள் கொடியில் காய்ந்தன. குருவம்மாள் கட்டிலில் இருந்தபடி பார்த்தாள்.

"என் அட்ட எங்க சார்?"

மாரிக்கனி வைத்துவிட்டாள் என்றேன். மாரிக்கனி அவளிடம் பூவேலை படித்தவள். ஓடியாடி வேலை செய்கிற உடம்பு.

"ரெண்டு மாசமா வாயக் கட்டி வச்சிருக்கேன். எனக்கு எவ்வளவு வந்திருக்குன்னு நான் தெரிஞ்சுக்க வேண்டாமா?"

அவளுடைய உண்மையான எண் எட்டு இருக்கலாம், எட்டு என்பது மற்றவர்களைவிட மேல்தான், ஆனால் மற்றவர்கள் எல்லோரும் இப்போது ஐந்தாகிவிட்டார்கள் என்று விளக்கினேன். ஒருவர் தவறினாலும் தேர்ச்சி நூறு சதவீதம் ஆகாது. நிலையம் போய்விட்டால் நசீமா வர மாட்டார். நசீமா வராவிட்டால் என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

அவள் கட்டுப்போட்ட பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாரிக்கனி தையல் நேரா வரும்" என்றாள் கடைசியில்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினத்தை ஒட்டி விழா. பந்தல், மைக், நாற்காலிகள். டாக்டர் மீனலோசனி மதுரையிலிருந்து வந்திருந்தார். காலனியின் சராசரி 5.4.

இப்படி ஒரு முடிவை எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்று டாக்டர் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியது. கல்வி கற்றவர்களுக்குக் கல்வி தந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தக் காலனிதான் சாட்சி என்றார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார். குருவம்மாளின் 5.2 தனியாகக் குறிப்பிடப்பட்டது. இருபது வருஷச் சர்க்கரை, காலில் புண், இருந்தும் இந்த எண். நாற்காலியோடு தூக்கிவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தோம். அவளுக்கும் ஒரு பொன்னாடை. அவள் கும்பிட்டாள்.

பிறகு டாக்டர் சொன்னார்: "இங்க எங்க வேல முடிஞ்சிருச்சு. நடுச்செவல்ல ஒன்பது புள்ளி எட்டு. பாவம், அவங்களுக்குத்தான் நாங்க தேவை. அடுத்த வாரத்துல இருந்து நிலையம் நிரந்தரமா அங்கதான்."

கைதட்டல் நீண்ட நேரம் ஓயவில்லை. மேடையிலிருந்து யார் எதைச் சொன்னாலும் முடிவில் தட்டுவது எங்கள் பழக்கம். நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான், சொன்னது என்ன என்று ஒவ்வொருவருக்காகப் புரிய ஆரம்பித்தது.

பள்ளிக்கூடமாக இருந்தால் தேர்ச்சி குறைந்த இடத்தை மூடுவார்கள். இவர்கள் தேர்ச்சி கூடிய இடத்தை மூடுகிறார்கள். இதை யாராவது முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கலாம்.

செப்டம்பர் 6, வெள்ளி

மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னேன். அட்டைகளில் இருப்பது எங்கள் ரத்தம் இல்லை என்றேன்.

டாக்டர் சிரித்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார்.

"நாங்க கெளம்பும்போது எல்லா ஊர்லயும் இப்படித்தான் சார். 'எங்களுக்கு இன்னும் குணமாகல, போகாதீங்க'ம்பாங்க. அந்தப் பாசம் எனக்குப் புரியுது. அதுக்காக ஒரு எச்.எம். பொய் சொல்லலாமா?"

லோடுமேன், கொத்தனார் பெயர்களைச் சொன்னேன். மாரிக்கனியைச் சொன்னேன். எங்கள் விரல்களை இன்றைக்கே வேண்டுமானாலும் குத்திப் பாருங்கள் என்றேன். சிரிப்பு நின்றது. மேஜையிலிருந்த அட்டைக் கட்டை எடுத்துப் புரட்டினார்.

"அப்ப எல்லா அட்டையிலயும் நசீமா கையெழுத்து இருக்கே. அவ கண்ணால பாத்ததா போட்டிருக்கா. நீங்க சொல்றது நெசம்னா அவள இன்னைக்கே வேலைய விட்டு நிறுத்தணும். வேற எங்கயும் அவளுக்கு வேல கெடைக்காது. எழுதித் தாறீங்களா?"

மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய் போட வேண்டும் அதற்கு.

பாசத்தில் சொல்லிவிட்டேன் என்றேன். "எனக்குத் தெரியும் சார்" என்று டாக்டர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

செப்டம்பர் 9, திங்கள்

நசீமா கடைசியாகக் கட்டு மாற்றினார். எப்படி மாற்றுவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் கடைசி வரிசையில் உட்காரவில்லை. பலகையைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். அறக்கட்டளைக்கு நன்றி தெரிவித்து எபனேசர் முன்மொழிந்த தீர்மானம் நிறைவேறியது.

செப்டம்பர் 16, திங்கள்

குருவம்மாளை நடுச்செவலுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு பஸ். இறங்கிய இடத்திலிருந்து நிலையத்துக்குக் கரிசல் பாதையில் நடை. ஆட்டோக்காரர் அந்தப் பாதையில் வர மறுத்துவிட்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அதை நம்பி நடந்தோம்.

தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் நீண்ட வரிசை. வெளியூர்க்காரர்களைப் பார்க்க விதியில்லை. நசீமா எல்லோரையும் அனுப்பிவிட்டு எங்களைக் கடைசியில் உள்ளே அழைத்தார். கட்டைப் பிரித்ததும் பயறு அளவு இருந்த இடம் வாய் திறந்திருந்தது. பக்கத்தில் புதிதாகப் பெரிய கொப்புளம். விரலைக் குத்திப் பார்த்தார். 264. விழாவுக்குப் பிறகு தட்டில் காய்கறியும் சோறும் பழையபடி இடம் மாறிவிட்டன. இனி யாருக்காக அளந்து சாப்பிட என்று குருவம்மாள் கேட்டிருந்தாள்.

நசீமா அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார்.

"அஞ்சு புள்ளி ரெண்டு வந்த ரத்தமா சார் இது?"

அவர் தன்னுடைய கையெழுத்தை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். குருவம்மாள்தான் அவர் கையைப் பிடித்தாள்.

"எங்கிட்டயாவது ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. நல்லா இருக்கிற எடத்துல நாங்க எதுக்கு இருக்கப் போறோம்?" என்றார் நசீமா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டுப்போட்டார். இனிமேல் இவர்களை நடத்திக் கூட்டிவர வேண்டாம், நேராகப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் குருவம்மாள் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் போகட்டும் என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

மழை. நானே கட்டு மாற்றினேன். முடிச்சு நன்றாக விழுந்தது.

செப்டம்பர் 23, திங்கள்

மழை நிற்கவில்லை. மிக்சி திரும்பி வந்துவிட்டது. நன்றாக ஓடுகிறது.

செப்டம்பர் 26, வியாழன்

வீட்டில் எங்கோ எலி செத்துக் கிடக்கிறது. காலையிலிருந்து வாடை. பரணை முழுக்க இறக்கிப் பார்த்தேன். பழைய வினாத்தாள்கள், வரைபடங்கள், உலக உருண்டை. எலி இல்லை. அரிசி டிரம்முக்குப் பின்னாலும் இல்லை. ஊதுபத்தி ஏற்றினேன்.

செப்டம்பர் 28, சனி

எலி கிடைக்கவில்லை. பீரோவை நகர்த்திப் பார்த்தேன்.

எபனேசர் வந்தார். வாசலிலேயே நின்று, மழையைப் பற்றிப் பேசிவிட்டு, உள்ளே வராமல் போய்விட்டார்.

செப்டம்பர் 30, திங்கள்

குருவம்மாளுக்குக் காய்ச்சல். கஞ்சி வேண்டாம் என்றாள். நான் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தேன்.

"சார், எந்திரிங்க" என்றாள். "அது எலி இல்ல."

நான் குனிந்தபடியே இருந்தேன். சுவர் மூலையில் ஒரு நூல்கண்டு கிடந்தது. அதை எடுத்தேன்.

"எனக்குக் காலுலதான் உணர்ச்சி இல்ல. மூக்கு இருக்கு. ரெண்டு நாளாத் தெரியும். நீங்க தேடட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

கார் வரச் சொன்னேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

பெரியாஸ்பத்திரி. டாக்டர் ஒருவர் மாணவர்கள் புடைசூழ வந்தார். கட்டிலைச் சுற்றிப் பதினைந்து இருபது பிள்ளைகள். ஒரு பையன் "பாட்டி, கால நீட்டுங்க" என்றான். "டீச்சர்னு சொல்லு" என்றாள் குருவம்மாள். பிறகு எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். பின்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியவில்லை, முன்னால் வரச் சொல்லுங்கள் என்று அவளே டாக்டரிடம் சொன்னாள்.

என் கையிலிருந்த உறையில் அறக்கட்டளை கொடுத்த 5.2 அறிக்கை இருந்தது. அதை வாங்கிப் பார்த்து, இந்தச் சர்க்கரைக்கு இந்தக் கால் வர வாய்ப்பே இல்லையே என்றார் டாக்டர். இங்கே எடுத்த ரத்தம் நானூறைத் தாண்டியிருந்தது. இரண்டில் எது சரி என்று பிள்ளைகளைக் கேட்டார். அவர்கள் விவாதித்தார்கள். பிறகு என்னைக் கேட்டார். பின்னது என்றேன்.

அக்டோபர் 3, வியாழன்

காலையில் டாக்டர் மீனலோசனி போனில் அழைத்தார். ஆய்வுக் கட்டுரையை மாநாட்டுக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறார்களாம். ஆசிரியர் காலனியின் அனுபவத்தைப் பத்து நிமிஷம் நான் மேடையில் சொல்ல வேண்டும் என்றார். அப்போது குருவம்மாளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்தேன். அவளுடைய வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள்.

மதியத்துக்கு மேல் வெளியே கொண்டுவந்தார்கள். வலது கால், முழங்காலுக்குக் கீழே எடுத்திருக்கிறார்கள். மயக்கம் தெளியவில்லை.

எடுத்ததை என்ன செய்வது என்று ஊழியர் ஒருவர் வந்து கேட்டார். சிலர் ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைப்பார்களாம். ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.